பள்ளி மதிப்பெண்ணும் கல்லூரி வாயிலும்

நம் சமுதாயக் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று மலர்க் குழுவினர் அன்புடன் பணித்தனர். சங்கம் தோன்றி வளர்ந்த வரலாற்றை எழுத நம்மினும் தகுதி வாய்ந்த பெரியோர் உளர். நாமோ வாழ்நாளின் பெரும்பகுதியைக் கரும்பலகையின் முன் கழித்தவர். ஆதலின் வகுப்பறையிலிருந்து எழும் வினா ஒன்றையே பொருளாக எடுத்துக்கொண்டோம்.

ஆண்டுதோறும் மே மாதத்தில் தேர்வு முடிவு வெளியாகும் நாளில், நம் தெருக்களில் ஒரே கேள்விதான் வாசலுக்கு வாசல் கேட்கும்: "எத்தனை மார்க்?" நிறையப் பெற்ற பிள்ளையின் வீட்டில் சர்க்கரை வழங்குவர். குறையப் பெற்ற பிள்ளை கொல்லைப்புறம் போய் உட்கார்ந்துகொள்வான். அடுத்த வாரம் அவனைச் சித்தாள் வேலைக்கோ திருப்பூருக்கோ அனுப்பிவிடுவர். அவன் படிப்பு அத்துடன் முடிந்ததாக ஊரும் எண்ணும், அவனும் எண்ணுவான்.

பள்ளியிறுதித் தேர்வில் குறைந்த மதிப்பெண் பெற்றவனுக்குக் கல்லூரியின் வாயில் என்றைக்குமாக அடைபட்டுவிடுகிறதா? ஒரு கல்விநிலையிலிருந்து அடுத்ததற்கு மாறிச் செல்லும்போது அந்தப் பழைய மதிப்பெண் எவ்வளவு தூரம் அவனைப் பின்தொடர்கிறது? இவற்றுக்கு வரலாறு தரும் விடையை நம் இளைஞர்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மதிப்பெண் வாயிற்காவலன் ஆன கதை

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன் வெளியான சார்லஸ் உட் என்பாரின் கல்வி அறிக்கையே அதற்கு வித்து. அந்நாளைய பல்கலைக்கழகம் பாடம் நடத்தவில்லை, தேர்வு நடத்தியது. அதன் முதல் தேர்வாகிய மெட்ரிகுலேஷனில் தேறியவரே கல்லூரியில் கால்வைக்கலாம். ஆக, நம் நாட்டில் பல்கலைக்கழகம் பிறந்தபோதே வாயிற்காவலனும் உடன் பிறந்துவிட்டான். பின்னர் 1911-இல் சென்னை மாகாணத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முறை புகுத்தப்பட்டது. அதன்பின் நம் பெரியோர் பலருக்குப் படிப்பின் எல்லைக்கல் எஸ்.எஸ்.எல்.சி. என்னும் அந்த நான்கெழுத்தே.

இவ்வாயிலைப் பற்றிப் பேசுமுன் ஓர் உண்மையை மறத்தலாகாது. மதிப்பெண் பற்றிய கவலை பள்ளிக்குள் புக முடிந்தவர்க்கே உரியது. நம் முன்னோருக்கோ பள்ளியின் திண்ணையே தொலைவிலிருந்தது. 1859-இல் பிறந்த இரட்டைமலை சீனிவாசனார், கோயம்புத்தூரில் பயின்ற நாளில், உடன் பயின்றோருக்குத் தம் சாதி தெரிந்துவிடுமோ என்றஞ்சி விளையாட்டிலும் கலவாமல் ஒதுங்கி நடந்ததைத் தம் வரலாற்றில் குறித்துவைத்துள்ளார். பாடத்துக்கு அஞ்சவில்லை, பக்கத்து மாணவனுக்கு அஞ்சினார். அயோத்திதாசப் பண்டிதர் போன்றோரின் ஊக்கத்துடன், கர்னல் ஆல்காட் 1894-இல் சென்னையில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். 1920-களில் சட்டமன்றத்தில் எம்.சி. ராஜா அவர்கள் எழுப்பிய குரலும், அரசின் தொழிலாளர் துறை திறந்த பள்ளிகளும் எழுத்தறிவை நம் சேரிகளுக்கு மெல்ல மெல்லக் கொணர்ந்தன.

பிறருக்கு மூன்று தலைமுறையாய்ப் பழகிப்போன தேர்வுக்கூடத்தில் நம்மவர் முதன்முதலாய் நுழைந்தபோது, இருவருக்கும் ஒரே வினாத்தாள்தான் கொடுக்கப்பட்டது. அவ்விருவரும் எத்தனை கல் நடந்து வந்தனர் என்பதை அவ்வினாத்தாள் கேட்கவில்லை. மதிப்பெண் பொய் சொல்லுவதில்லை. ஆனால் முழுக்கதையையும் அது சொல்லுவதுமில்லை.

இருநூற்று எண்பத்திரண்டு

நம் சமுதாயத்தின் ஒவ்வொரு மாணவனும் மனத்தில் எழுதிவைக்க வேண்டிய எண் ஒன்று உண்டு. அது 282.

1907-ஆம் ஆண்டு பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியிலிருந்து மெட்ரிகுலேஷன் தேர்வு எழுதித் தேறினார் பீமராவ் அம்பேத்கர். அவர் பெற்ற மதிப்பெண் 750-க்கு 282. நூற்றுக்குக் கணக்கிட்டால் 38-கூட நிறையவில்லை. பாபாசாகேபின் படத்தை வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் நம்மில் எத்தனை பேர் இவ்வெண்ணை அறிவோம்?

அந்த 282-க்குப் பின்னாலிருந்ததையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சாதாராப் பள்ளியில் தனியே அமர்த்தப்பட்டதும், தாகத்துக்குத் தானே தண்ணீர் எடுத்துக் குடிக்க இயலாததும், வடமொழி பயில விரும்பியும் இடம் மறுக்கப்பட்டுப் பாரசீகம் பயில நேர்ந்ததும், பம்பாயில் தொழிலாளர் குடியிருப்பின் ஒற்றையறையில் படித்ததும் அவ்வெண்ணுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. அதனாற்றான் அவர் தேறியபோது சமுதாயத்தார் குறைந்த மதிப்பெண் என்று முகஞ்சுளிக்கவில்லை, கூட்டங்கூடிப் பாராட்டினர். கேலுஸ்கர் என்னும் ஆசிரியர் தாம் எழுதிய புத்தர் வரலாற்று நூலை அவ்விளைஞருக்குப் பரிசாக அளித்தார். அப்பரிசு அவர் வாழ்வில் எங்குக் கொண்டுபோய் விட்டது என்பதை நாடறியும்.

அதன்பின் நிகழ்ந்தவற்றைப் படிப்படியாக நோக்குக. பரோடா மன்னரின் மாதம் 25 ரூபாய் உதவியுடன் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று பி.ஏ. பட்டம் பெற்றார். 1913-இல் அம்மன்னரின் உதவித்தொகையுடனேயே நியூயார்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகம் சென்றார். 1915-இல் எம்.ஏ. பட்டம் பெற்று, 1916-இல் இலண்டன் பொருளியல் பள்ளியில் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் 1917-இல் இடையிலேயே திரும்ப நேர்ந்தது. சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராய்ப் பணியாற்றிப் பொருள் சேர்த்து, 1920-இல் மீண்டும் இலண்டன் சென்று, 1921-இல் எம்.எஸ்ஸி., 1923-இல் டி.எஸ்ஸி. பட்டங்களைப் பெற்றார். கொலம்பியாவின் டாக்டர் பட்டம் 1927-இல் முறைப்படி வழங்கப்பெற்றது.

இப்பயணத்தில் அந்த 282 எந்த இடத்தில் அவரை மறித்தது? கல்லூரி வாயில் வரையில்தான் அதற்கு வேலை இருந்தது. கொலம்பியாவுக்கு அவர் காட்டியது பம்பாய்ப் பட்டத்தை. இலண்டனுக்கு அவரைப் பரிந்துரைத்தது, அவருடைய உழைப்பைக் கண்ணாற்கண்ட கொலம்பியாப் பேராசிரியர் செலிக்மனின் கடிதம். ஒவ்வொரு படியிலும் அதற்கு முந்தைய படியே சான்றாயிற்று. பழைய படிகள் பின்னே மறைந்தன. பள்ளி மதிப்பெண் முதற்கதவின் சாவி. அடுத்த கதவுக்குச் சாவி முதலறைக்குள்ளேதான் இருக்கிறது. முதலறைக்குள் புகுந்து தேடுபவனுக்கே அது அகப்படும்.

மற்றொன்றும் கூறவேண்டும். பரோடா உதவி இல்லையேல் 282 அங்கேயே நின்றிருக்கும். இதனை அவரினும் நன்கறிந்தவர் எவர்? வைசிராயின் நிருவாகக் குழுவில் அவர் உறுப்பினராயிருந்த காலத்தில், 1944-இல், தாழ்த்தப்பட்ட மாணவர்க்கான மெட்ரிக் பிந்தைய உதவித்தொகைத் திட்டம் தொடங்கப்பட்டது. இன்று நம் பிள்ளைகள் கல்லூரியில் பெறும் உதவித்தொகையின் வேர் அதுவே.

அளவுகோல் அசையாத பொருளா?

மதிப்பெண் என்பது கல்லில் வெட்டிய அளவுகோல் என்று நம் பிள்ளைகள் நினைக்கின்றனர். வரலாறு அவ்வாறு சொல்லவில்லை.

நீதிக்கட்சி ஆட்சியில் 1921-இல் பிறந்து 1927-இல் உருப்பெற்ற வகுப்புரிமை ஆணை, பின்னாளில் கல்லூரிச் சேர்க்கையிலும் இடங்களைப் பங்கிட்டது. 14 இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறித்தவருக்கு 1, முசுலிம்களுக்கு 1 என்பது கணக்கு. 1950-இல் செண்பகம் துரைராசன் என்னும் அம்மையார் இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். அவர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே செய்திருக்கவில்லை என்பது அவ்வழக்கின் வியப்பு. 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆணையைச் செல்லாதென்றது. தமிழ்நாடு கிளர்ந்தெழுந்தது. பெரியார் தலைமையில் எழுந்த போராட்டத்தின் விளைவாக அவ்வாண்டு சூனிலேயே அரசியலமைப்பின் முதல் திருத்தம் நிறைவேறி, 15-ஆம் விதியில் நான்காம் உட்பிரிவு சேர்ந்தது. இன்று நம் மாநிலத்தில் 69 விழுக்காடு இடஒதுக்கீடும், அதில் பட்டியல் வகுப்பினர்க்கு 18 விழுக்காடும், 2009 முதல் அப்பதினெட்டினுள் அருந்ததியர்க்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடும் நிலைபெற்றிருப்பது அவ்வழியில் வந்த பயன்.

தேர்வுமுறையும் ஒருபடித்தாய் நின்றதில்லை. பதினோராண்டுப் பள்ளிப் படிப்பும் ஓராண்டுப் பி.யூ.சி.யும் இருந்த காலம் போய், 1978-இல் மேனிலைக் கல்வி வந்தது. 1980-இல் முதல் அணியினர் பிளஸ் டூ தேர்வு எழுதினர். அதற்கு முன்னர் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் நேர்முகத் தேர்வுக்கும் மதிப்பெண் இருந்தது. சில மணித்துளி உரையாடலுக்கு 75 மதிப்பெண் வரை அளித்த அம்முறையைப் பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றமே குறைகூறியது. 1984-இல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு புகுந்தது. நகரத்துப் பயிற்சிக்கூடங்கள் பெருகின. நம் கிராமத்துப் பிள்ளைகள் பின்தங்கினர். பேராசிரியர் அனந்தகிருட்டிணன் குழுவின் பரிந்துரைப்படி சட்டமியற்றப்பட்டு, 2007-இல் நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டது. மேனிலைத் தேர்வு மதிப்பெண்ணே அடிப்படையாயிற்று.

பத்தாண்டு கழிந்தது. 2017-இல் மருத்துவத்துக்கு நீட் தேர்வு நம் மாநிலத்தில் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு 1200-க்கு 1176 பெற்ற அரியலூர் மாவட்டத்து மாணவியார் ஒருவருக்கு மருத்துவக் கல்லூரியில் இடமில்லை. நம் சமுதாயத்தின் அந்தச் செல்வ மகளை நாம் இழந்த துயரம் இன்னும் ஆறவில்லை. 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவத்தில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. 2021-இல் அது பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலியவற்றுக்கும் விரிந்தது.

அதே 2021-இல் கொடுநோய்ப் பரவலால் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு நடைபெறவில்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு 50 விழுக்காடு, பதினோராம் வகுப்புக்கு 20, பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறை மற்றும் அகமதிப்பீட்டுக்கு 30 என்று கணக்கிட்டு மதிப்பெண் வழங்கினர். பத்தாம் வகுப்புத்தானே என்று அசட்டையாயிருந்த பிள்ளைகள் அன்று கைகளைப் பிசைந்ததை நாம் கண்டோம்.

இவ்வரலாறு இரு பாடங்களைத் தருகிறது. அளவுகோல் மனிதர் ஆக்கியது. ஆகவே மனிதரால் மாற்றப்படுவது. எப்போது எவ்வாறு மாறும் என்பதை மாணவன் அறியான். ஆகவே எந்த வகுப்பின் மதிப்பெண்ணையும் அவன் அலட்சியஞ் செய்தலாகாது.

அமெரிக்கர் கண்ட வழி

பாபாசாகேப் பயின்ற நாட்டில் இவ்வினாவுக்கு ஒரு விடை கண்டுள்ளனர். 1901-இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் ஓர் இளநிலைக் கல்லூரி பிறந்தது. அந்நாட்டின் பொதுத்துறை இளநிலைக் கல்லூரிகளுள் அதுவே முதலாவதென்பர். கல்லூரியின் முதலிரண்டு ஆண்டுப் பாடங்களை உள்ளூரிலேயே, குறைந்த செலவில் கற்பிப்பது அதன் நோக்கம். 1907-இல், அம்பேத்கர் மெட்ரிகுலேஷன் தேறிய அதே ஆண்டில், கலிபோர்னிய மாநிலம் உயர்நிலைப் பள்ளிகளே அத்தகைய வகுப்புகளை நடத்தலாமெனச் சட்டமியற்றியது.

1960-இல் அம்மாநிலம் உயர்கல்விக்கெனப் பெருந்திட்டம் ஒன்றை வகுத்தது. பள்ளி மாணவருள் முதல் எட்டிலொரு பங்கினர்க்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகம். முதல் மூன்றிலொரு பங்கினர்க்கு மாநிலக் கல்லூரிகள். ஏனைய எல்லார்க்கும் இளநிலைக் கல்லூரிகள். இம்மட்டில் பார்த்தால் இதுவும் பிள்ளைகளைத் தரம் பிரிக்கும் ஏற்பாடே. ஆனால் அத்திட்டத்தின் உயிர் மற்றொரு விதியில் இருந்தது. இளநிலைக் கல்லூரியில் ஈராண்டு நன்கு பயின்றவர் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டுக்கு மாற்றம் பெறலாம். அங்ஙனம் 60 அலகுப் பாடங்களை முடித்துவரும் மாணவரின் கல்லூரித் தரப்புள்ளியைத்தான் பல்கலைக்கழகம் முதன்மையாய் நோக்கும். பள்ளியில் அவர் பெற்ற தரம் பின்னுக்குப் போய்விடும்.

அந்நாட்டின் பிற பல்கலைக்கழகங்களிலும் ஏறத்தாழ இதுவே நடைமுறை. ஓராண்டுகூட முடியாமல் மாற்றம் கேட்பவரிடம் பள்ளிச் சான்றையும் கேட்பர். அவரைப் பற்றி அறிய வேறு சான்று இன்மையால். ஈராண்டு முடித்தவரிடம் கல்லூரிச் சான்றே பேசும். புதிய சான்று வளர வளரப் பழைய சான்றின் எடை குறைகிறது. இது நியாயமான முறை. பதினேழு வயதில் ஒருவன் எழுதிய தேர்வு அவன் பதினேழு வயதில் எங்ஙனமிருந்தான் என்பதைச் சொல்லும். இருபது வயதில் எங்ஙனமிருக்கிறான் என்பதை அது எவ்வாறு சொல்லும்?

அங்கும் எல்லாம் பொன்னாய் விளைந்துவிடவில்லை. இளநிலைக் கல்லூரியில் சேர்வோருள் பலர் மாற்றம் பெறாமலே நின்றுவிடுகின்றனர். வேலையும் குடும்பமும் இடைமறிக்கின்றன. கதவு திறந்திருப்பது வேறு; அதுவரை நடந்து சேர்வது வேறு.

நம் நாட்டுப் பக்கவாயில்கள்

நம் மாநிலத்திலும் பக்கவாயில்கள் உண்டு. அவற்றை அறிந்தோர் நம் தெருக்களில் சிலரே.

பத்தாம் வகுப்புத் தேறியவர் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பில் சேரலாம். மேனிலைப் படிப்பில் உரிய பாடங்களைப் பயின்றவரும், ஐ.டி.ஐ. முடித்தவரும் பட்டயப் படிப்பின் இரண்டாம் ஆண்டிலேயே நேரடியாகச் சேரலாம். பட்டயம் முடித்தவர் பொறியியல் கல்லூரியின் இரண்டாம் ஆண்டில் சேரலாம். அச்சேர்க்கைக்குப் பார்க்கப்படுவது பட்டயத் தேர்வின் மதிப்பெண். மேனிலைத் தேர்வில் கணிதத்தில் இடறியவர்க்கும் இவ்வழி திறந்தே உள்ளது.

கலை, அறிவியல் பட்டம் பெற்றவர் முதுகலைக்கு விண்ணப்பிக்கையில் பட்டத் தேர்வின் மதிப்பெண்ணே நோக்கப்படும். அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் போட்டித் தேர்வுகளிலும், இந்திய ஆட்சிப் பணித் தேர்விலும் பட்டம் இருந்தால் போதும்; அதில் எத்தனை மதிப்பெண் என்று கேட்பதில்லை. பொருட்செலவைக் குறைக்கவும் வழிகள் உள. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குத் தொழிற்கல்வியில் கல்விக் கட்டணச் சலுகை 2010-ஆம் ஆண்டு வந்தது. 2022-இல் வந்த புதுமைப்பெண் திட்டம், அரசுப் பள்ளியில் பயின்ற மாணவியர்க்கு, பட்டப் படிப்பானாலும் பட்டயப் படிப்பானாலும் ஐ.டி.ஐ.யானாலும், மாதம் 1000 ரூபாய் அளிக்கிறது.

மொத்த மதிப்பெண்ணைக் கண்டு மயங்குவதும் மருளுவதும் தவறு. பொறியியலுக்கு 200-க்குக் கணக்கிடும் தரவரிசையில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என மூன்று பாடங்களே சேரும். மொழிப்பாடத்தில் குறைந்தவன் தனக்கு இடமில்லையென்று விண்ணப்பமே போடாதிருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறோம்.

எனினும் பள்ளி மதிப்பெண் நிழல்போல் நெடுந்தூரம் தொடர்ந்ததும் உண்டு. ஆசிரியர் தகுதித் தேர்வு வந்தபின், 2014-இல் பட்டதாரி ஆசிரியர் நியமனத்துக்கு வகுத்த முறையில் தகுதித் தேர்வுக்கு 60, பட்டத்துக்கு 15, பி.எட்.டுக்கு 15, மேனிலைத் தேர்வுக்கு 10 எனப் பங்கு வைத்தனர். மதிப்பெண்கள் அரிதாய் வழங்கப்பட்ட காலத்தில் பயின்ற மூத்தோர், தாராளமாய் வழங்கப்பட்ட காலத்து இளையோருடன் போட்டியிட நேர்ந்தது. பட்டமும் பி.எட்.டும் பெற்றுப் பல்லாண்டு ஆனவரையும் அவருடைய பிளஸ் டூ துரத்திப் பிடித்தது. முறையீடுகள் எழுந்தன, 2018-இல் அம்முறையைக் கைவிட்டுத் தனிப் போட்டித் தேர்வு நடத்த அரசு ஆணையிட்டது. ஆகவே 'பள்ளி மதிப்பெண்ணுக்கு மதிப்பில்லை' என்று எவரேனும் கூறினால் நம்பற்க. மதிப்பு உண்டு. முற்றுப்புள்ளி வைக்கும் அதிகாரந்தான் அதற்கு இல்லை.

நாம் கண்ட இருவர்

சொந்தக் கதை சொல்வது இம்மலருக்குப் பொருந்துமோ என்று தயங்கினோம். ஆயினும் சொல்லாது விடுவது நேர்மையன்று.

நாம் மேனிலைத் தேர்வில் பெற்றது 1200-க்கு 641. கணிதம் பயில ஆசைகொண்டு ஒரு கல்லூரியின் அலுவலகச் சாளரத்தில் நின்றோம். விண்ணப்பத்தை வாங்கியவர் மதிப்பெண் பட்டியலையும் சாதிச் சான்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வேறு பிழைப்புப் பார்க்கலாமே என்று கூறித் திருப்பித் தந்தார். உடன் வந்திருந்த தந்தையார் ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்து, புளியமரத்தடியில் துண்டை விரித்து அமர்ந்து, "அடுத்த ஊர்லயும் காலேஜ் இருக்குதாமே" என்றார். அந்த அடுத்த ஊரில்தான் வரலாறு பயின்றோம், பட்டமும் பெற்றோம், ஆசிரியரும் ஆனோம். அன்று அவர் ஊருக்குத் திரும்பலாமென்று சொல்லியிருப்பின் இக்கட்டுரை எழுதப்பட்டிராது.

ஆசிரியரான பின் கண்டது இதனினும் பெரிய பாடம். ஒரே ஆண்டில், ஒரே தெருவிலிருந்து, இருவர் நம்மிடம் பயின்றனர். பையன் பெற்றது 1200-க்கு 588. பெண் பெற்றது 734. பையனின் மாமன் ஒருவர் பாலிடெக்னிக்கில் பட்டறை உதவியாளர். அவர் அவனை அழைத்துப்போய்ப் பட்டயப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் சேர்த்தார். பட்டயத்தில் அவன் முதல் வகுப்பில் தேறினான். பொறியியலில் இரண்டாம் ஆண்டில் புகுந்தான். இன்று மின்வாரியத்தில் உதவிப் பொறியாளன். அப்பெண்ணுக்கு மாமன் இல்லை. மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தபோது நாம்தாம் கையொப்பத்துக்கு ஏற்பாடு செய்து கொடுத்தோம். அடுத்து என்ன செய்யப்போகிறாய் என்று கேட்கவில்லை. வரிசையில் பலர் நின்றனர், வேலை மிகுதி. அவள் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாள்.

பல ஆண்டு கழித்து ஒரு திருமணப் பந்தியில் அவளைக் கண்டோம். "ஐயா, அந்த மார்க்குக்கு ஏதாச்சும் படிச்சிருக்கலாமா?" என்று கேட்டாள். படித்திருக்கலாம் என்று சொல்ல நாவெழவில்லை. பொய் சொல்லவும் மனம் வரவில்லை. இலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் பெற்றது அவனைவிட 146 மதிப்பெண் அதிகம். அவளைத் தடுத்தது மதிப்பெண்ணன்று. வழி சொல்ல ஓர் ஆள் இல்லாமை. அந்த ஆளாய் இருந்திருக்க வேண்டியவர் நாமே.

சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம்

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் ஆண்டு விழாவில் முதல் மூன்று மதிப்பெண் பெற்றவர்க்குப் பரிசளித்து வருகிறது. நல்ல வழக்கம், அது தொடர வேண்டும். ஆனால் 282 பெற்ற ஒரு மாணவன் இன்று நம் ஊரில் இருப்பானாயின், நம் மேடையில் அவனுக்கு இடமுண்டா? அன்றைய பம்பாய்ச் சமுதாயத்தார் அவரைக் கூப்பிட்டுப் பாராட்டினர்; கேலுஸ்கர் நூல் கொடுத்தார்; மன்னரிடம் உதவிக்கு வழிசெய்தார். அவர்கள் மதிப்பெண்ணைப் பார்த்ததோடு நில்லாது ஆளையும் பார்த்தனர்.

ஆகவே இவ்வெள்ளி விழா ஆண்டிலிருந்து இரண்டு செயல்களை மேற்கொள்ளுமாறு வேண்டுகிறோம். முதலாவது, தேர்வு முடிவு வெளியான மறுநாளே சங்கத்து உறுப்பினர் இருவர், குறைந்த மதிப்பெண் பெற்றவரின் வீட்டுக்கும் தேறாதவரின் வீட்டுக்கும் செல்லுதல் வேண்டும். நிறைய வாங்கியவர் வீட்டுக்கு ஊரே போகும். அங்கு நாம் பிறகு போகலாம். பட்டயம், ஐ.டி.ஐ., கலைக்கல்லூரி, துணைத்தேர்வு ஆகியவற்றுக்குரிய கடைசி நாட்களை ஒரு தாளில் எழுதிக் கையில் கொண்டுபோக வேண்டும். இரண்டாவது, இடையில் நின்று மீண்டும் படிக்கத் திரும்பியவர்க்கென ஒரு பரிசை ஏற்படுத்த வேண்டும். அதன் முதலாண்டுத் தொகையை நம் ஓய்வூதியத்தை எதிர்பாராமல் இவ்வாண்டுச் சம்பளத்திலேயே செலுத்திவிடுகிறோம்.

அன்பார்ந்த தம்பி தங்கையரே! பள்ளியில் பயிலும் வரையில் ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் போராடுங்கள். நமக்கு எதுவும் எளிதில் கிடைப்பதில்லை. கிடைக்கும் ஒன்றையும் விட்டுவிடலாகாது. தேர்வு முடிந்து எண் கைக்கு வந்தபின், அது எவ்வளவாயினும் எடுத்துக்கொண்டு வெளியே புறப்படுங்கள். கொல்லைப்புறத்தில் உட்காராதீர்கள். ஒரு சாளரம் மூடினால் அடுத்த ஊருக்குப் பேருந்து ஏறுங்கள். வழி தெரியாவிடில் நம் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். இம்முறை வரிசை எவ்வளவு நீண்டிருந்தாலும், அடுத்து என்ன செய்யப்போகிறாய் என்று கேட்காமல் எவரையும் அனுப்புவதில்லை என்று உறுதி பூண்டிருக்கிறோம்.